ஈயத் துண்டைக் கடித்து ஏமாறும் வஞ்சிரம்! ஆழ்கடல் 'ஜிக்' தூண்டில் ரகசியம்

சென்னை: முள்ளில் கோர்க்க இறால் இல்லை, கணவாய்த் துண்டு இல்லை, உயிர் மீனும் இல்லை. ஆனாலும் கடலுக்கு அடியில் திரியும் பத்து கிலோ பாறை மீன் பாய்ந்து வந்து கடிக்கிறது. அது கடிப்பது கால் கிலோகூட எடை இல்லாத ஒரு உலோகத் துண்டை!

இந்த உலோகத் துண்டுக்குப் பெயர்தான் 'ஜிக்'. கடலில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்களின் விளையாட்டுச் சாமானாகவே நம்ம ஊரில் இது அறிமுகமானது. ஆனால் தூண்டிலை நம்பிப் பிழைக்கும் ஃபைபர் படகுக்காரர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. இரைக்குச் செலவு இல்லை. அடியில் நிற்கும் பெரிய மீனைக் குறி வைத்துப் பிடிக்கலாம். வலையில் மாட்டி நசுங்கிய மீனைவிட தூண்டிலில் வந்த மீன் பார்க்கவும் பளிச்சென்று இருக்கும், ஏலத்திலும் நல்ல விலைக்குப் போகும்.

ஆனால் சும்மா கயிற்றில் கட்டி இறக்கினால் மீன் வந்துவிடாது. எடை, வடிவம், நூல், முள், ஆட்டும் கை என்று ஐந்தும் சரியாக அமைய வேண்டும். அது எப்படி? விவரம் வருமாறு:

ஜிக் என்றால் என்ன?

மீன் வடிவத்தில் வார்க்கப்பட்ட கனமான உலோகத் துண்டுதான் ஜிக். பெரும்பாலும் ஈயத்தில் செய்கிறார்கள். மேலே வெள்ளி நிறத் தகடோ, பெயின்ட்டோ பூசி இருக்கும். நடுவில் எஃகுக் கம்பி ஓடும். தலைப் பக்கமும் வால் பக்கமும் அந்தக் கம்பி வளையமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வளையத்தில் நூல், தேவைப்பட்ட வளையத்தில் முள். அவ்வளவுதான் சாமான்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தனி, முள் தனி, இரை தனி. இங்கே மூன்றும் ஒன்றே. ஈயக்குண்டே இரையாக நடிக்கிறது. நடிக்க வைப்பது மேலே படகில் நிற்பவரின் கை.

இரும்பிலும், டங்ஸ்டன் என்ற உலோகத்திலும்கூட ஜிக் வருகிறது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11.3 கிராம் இருக்கும். அதே அளவு இரும்பு 7.8 கிராம். டங்ஸ்டன் 19.3 கிராம். அதாவது ஒரே எடைக்கு டங்ஸ்டன் ஜிக் சின்னதாக இருக்கும், சர்ரென்று இறங்கும். ஆனால் விலை எகிறும். அதனால் ஈயம்தான் இன்றும் ராஜா.

எங்கிருந்து வந்தது?

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. குளிர்க் கடலில் காட் மீன் பிடிக்கும் ஊர்களில் பல தலைமுறையாக இருப்பது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன் முட்டையிட வரும். அங்கே உலோக மீனை இறக்கி ஆட்டிப் பிடிப்பது பழைய பழக்கம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஈயத்தில் மீன் மாதிரி வார்த்து, அடியில் இரண்டு முள் வைத்து, இரையே இல்லாமல் வெறும் கையால் இழுத்தார்கள். அதற்கு 'ஜிக்கர்' என்று பெயர்.

பிரிட்டனில் இதே சாமானுக்கு 'பிர்க்' என்று பெயர். கடலில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களுக்கு மேலே படகை நிறுத்தி பெரிய பெரிய பிர்க்குகளை இறக்குவார்கள். கடையில் வாங்க மனசு வராதவர்கள் பழைய கார் கதவுக் கைப்பிடியில் ஈயத்தை ஊற்றி பிர்க் செய்துகொண்டதும் உண்டு. பளபளப்பு இருக்கு, எடை இருக்கு, வேறென்ன வேணும்!

பிற்பாடு ஜப்பான்காரர்கள் இதை வேறு லெவலுக்குக் கொண்டுபோனார்கள். எந்த வடிவம் எப்படி விழும், எந்த மீன் எதற்கு மயங்கும் என்று பிரித்துப் பிரித்துச் செய்தார்கள். இன்று நம்ம ஊர்க் கடைகளில் தொங்கும் ஜிக்குகள் பெரும்பாலும் அந்த வடிவங்களைப் பார்த்துச் செய்தவைதான்.

மீன் ஏன் ஏமாறுகிறது?

மீனுக்கு அந்தத் துண்டு நிஜ மீனா, டூப்ளிகேட்டா என்று ஆராய்ச்சி செய்ய நேரமில்லை. கூட்டத்தில் அடிபட்டு, நிலை தடுமாறி, பக்கவாட்டில் சாய்ந்து விழும் சின்ன மீன்தான் பெரிய மீனுக்கு சுலபமான சாப்பாடு. ஜிக்கைத் தூக்கி விடும்போது அது அப்படித்தான் தள்ளாடி விழும். நாம தூக்கும்போது அது தப்பித்து ஓடும் மீன். விடும்போது அடிபட்ட மீன். கடியில் பெரும்பங்கு விழும்போதுதான் கிடைக்கும்.

இன்னொரு சங்கதி. மீனின் உடம்பில் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழகுக்கு இல்லை. தண்ணீரின் அதிர்வை மீன் உணர்வது அந்தக் கோட்டால்தான். கும்மிருட்டிலும் பக்கத்தில் ஏதோ துடிக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் கலர் முக்கியம் இல்லையா? ஓரளவுக்குத்தான். தண்ணீரில் முதலில் காணாமல் போவது சிவப்பு. சில மீட்டர் இறங்கினாலே மங்க ஆரம்பித்து, ஆழத்தில் கருப்பாகத்தான் தெரியும். நீலமும் பச்சையும்தான் ஆழம் வரை தாக்குப் பிடிக்கும். அதனால் ஆழத்துக்கு வெள்ளியும் நீலமும், வெளிச்சமே போகாத இடத்துக்கு இருட்டில் மினுங்கும் பெயின்ட் அடித்ததும் போதும். கடையில் தொங்கும் பத்து கலரில் பாதி, மீனைப் பிடிக்க இல்லை, வாங்குபவரைப் பிடிக்கத்தான்!

எந்த ஆழத்துக்கு எவ்வளவு எடை?

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். கனம் குறைந்தால் ஜிக் தரையைத் தொடாமல் நீரோட்டத்தில் போய்விடும். கனம் கூடினால் கை வலி, ஆட்டமும் வராது. மீட்டருக்கு இரண்டு கிராம் என்று தொடங்கி, நீரோட்டத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு பாகம் என்பது ஆறு அடி, சுமார் 1.8 மீட்டர். அந்தக் கணக்கில்:

* 15 பாகம் (சுமார் 27 மீட்டர்): 60 முதல் 80 கிராம்
* 25 பாகம் (சுமார் 45 மீட்டர்): 100 முதல் 120 கிராம்
* 40 பாகம் (சுமார் 72 மீட்டர்): 150 முதல் 200 கிராம்
* 60 பாகம் (சுமார் 108 மீட்டர்): 220 முதல் 300 கிராம்

நீரோட்டம் பலமாக இருந்தால் அடுத்த எடைக்குப் போக வேண்டும். ஜிக் தரையைத் தொட்டது கையில் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. தெரியவில்லை என்றால் எடை போதவில்லை.

நீளமா? அகலமா?

வடிவத்தைப் பொறுத்து வேலையும் மாறும்.

ஒல்லியாக நீளமாக இருப்பது வேகமாக இறங்கும், வேகமாக ஏறும். சூரை, வஞ்சிரம், பாறை போன்று விரட்டிப் பிடிக்கும் மீன்களுக்கு இது சரி. கையை நிறுத்தாமல் விறுவிறுவென்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இலை மாதிரி அகலமாக இருப்பது மெதுவாக, இப்படியும் அப்படியும் புரண்டு விழும். களவா, சங்கரா, விளமீன் போன்று பாறை இடுக்கில் காத்திருக்கும் மீன்களுக்கு இதுதான். அவசரப்படக் கூடாது. ஒரு சின்னத் தூக்கு, விழ விடு, மறுபடி ஒரு தூக்கு. அடியிலிருந்து நாலைந்து பாகம் வரை ஆட்டினால் போதும்.

வால் பக்கம் கனமாக இருப்பது செங்குத்தாக இறங்கும். நீரோட்டம் ஓடும் நாளுக்கு அது கைகொடுக்கும். நடுவில் கனமாக இருப்பது ஆட்டம் அதிகம், இறங்க நேரமாகும். தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளுக்கு அது.

கணவாய்க்கு இந்த உலோக ஜிக் சரிப்படாது. அதற்கு இறால் மாதிரி உருவத்தில், வாலைச் சுற்றி ஊசி ஊசியாக முள் வைத்த ஜிக் தனியாகக் கிடைக்கிறது. கணவாய் கடித்து இழுக்காது, கையால் அணைத்துப் பிடிக்கும். அதனால்தான் அந்த ஊசி வட்டம்.

தங்கூசா? பின்னல் நூலா?

தங்கூஸ் நரம்பு ரப்பர் மாதிரி நீளும். பத்து மீட்டர் ஆழத்தில் அது பிரச்சினை இல்லை. எழுபது மீட்டர் ஆழத்தில் நீங்கள் மேலே ஒரு முழம் இழுத்தால் நரம்பு நீண்டு கொடுத்துவிடும், கீழே ஜிக் அசைந்திருக்காது. மீன் கடித்ததும் கைக்கு வந்து சேராது.

அதனால் ரீல் வைத்துப் பிடிப்பவர்கள் பின்னல் நூல் போடுகிறார்கள். இது நீளவே நீளாது என்று சொல்லலாம். ஒரே பலத்துக்கு நைலானைவிட ஏறக்குறைய பாதித் தடிமன்தான். ஒல்லியாக இருப்பதால் நீரோட்டம் பிடித்து இழுப்பதும் குறைவு. பத்து மீட்டருக்கு ஒரு கலர் என்று மாறும் நூல் வாங்கினால், எத்தனை கலர் போயிற்று என்று எண்ணி ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

பின்னல் நூலுக்கு ஒரு பலவீனம் உண்டு. பாறையில் உரசினால் பட்டென்று போய்விடும். அதனால் கடைசி மூன்று முதல் ஐந்து மீட்டருக்கு தடித்த தங்கூஸ் முடிந்துகொள்ள வேண்டும். வஞ்சிரமும் ஷீலாவும் இருக்கும் இடமென்றால் ஜிக்குக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி போடலாம். அந்த மீன்களின் பல் பிளேடு மாதிரி. கம்பி நீளமாகப் போனால் ஜிக்கின் ஆட்டம் கெட்டுவிடும், கவனம்.

முள் மேலேயா? கீழேயா?

பழைய பிர்க்கில் மூன்று கொக்கி முள் அடியில் இருக்கும். மணல் தரைக்கு அது சரி. பார் உள்ள இடத்தில் முதல் இறக்கிலேயே கல்லில் மாட்டிக்கொள்ளும். ஜிக்கும் போச்சு, காசும் போச்சு!

அதற்குத்தான் இப்போது ஒற்றை முள்ளை மேலே, தலை வளையத்தில், சின்னக் கயிற்றில் கட்டித் தொங்க விடுகிறார்கள். இதில் இரண்டு லாபம். ஒன்று, கல்லில் மாட்டுவது குறையும். இரண்டு, மீன் தலையை உதறும்போது கனமான ஜிக் நெம்புகோல் மாதிரி முள்ளைப் பிடுங்கி எறியாது. முள் தனியாக ஆடுவதால் வாயிலேயே நிற்கும்.

முள்ளின் கயிறு ஜிக்கின் பாதி நீளத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் ஜிக்கையே சுற்றிக்கொள்ளும். வளையம் நல்ல எஃகாக இருக்க வேண்டும். ஜிக்குக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வளையத்துக்கு மூன்று ரூபாய் கணக்குப் பார்த்தால், மீன் போவது அந்த வளையம் விரிந்துதான்.

ஆட்டுவது எப்படி?

* படகின் இன்ஜினை நிறுத்தி, நீரோட்டத்தோடு நகர விடவும்.
* ஜிக்கை விட்டு, நூல் ஓடுவதை விரலால் லேசாகத் தடவிக்கொண்டே இருக்கவும். இறங்கும்போதே கடிக்கும் மீனும் உண்டு. ஆழம் வருவதற்கு முன்பே நூல் நின்றால், உடனே இழுக்கவும்.
* தரை தட்டியதும் நூல் தொய்யும். அந்த நொடியே ஒரு பாகம் தூக்கிவிடவும். தாமதித்தால் கல் பிடித்துக்கொள்ளும்.
* தூக்கு, விடு. தூக்கு, விடு. விடும்போது நூல் முழுசாகத் தொய்யவும் கூடாது, விறைப்பாக நிற்கவும் கூடாது.
* அடிமீனுக்கு ஐந்து பாகம் வரை ஆட்டிவிட்டு மறுபடி தரைக்கு விடவும். சூரை, வஞ்சிரத்துக்கு நடுக்கடல் வரை, சில சமயம் மேல்மட்டம் வரை இழுத்துக்கொண்டே வரவும்.
* நூல் சாய்ந்துபோய் ஜிக் எங்கோ தள்ளி நிற்கிறது என்றால், சுருட்டி எடுத்து மறுபடி இறக்கவும். சாய்ந்த நூலில் ஆட்டம் வராது.
* கடித்ததும் முதல் ஐந்து பாகம் விடாமல் இழுக்கவும். களவா இடுக்குக்குள் புகுந்துவிட்டால் வெளியே எடுப்பது கஷ்டம்.

படகை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி வெற்றி. பார் மீதே நிறுத்தினால், ஜிக் இறங்குவதற்குள் படகு தாண்டிப் போயிருக்கும். பாருக்கு முன்னால், நீரோட்டம் வரும் பக்கம் போய் விட்டால், ஜிக் இறங்கும் நேரமும் படகு வந்து சேரும் நேரமும் ஒத்துப்போகும். காற்றும் நீரோட்டமும் வேறு வேறு திசையில் இருந்தால், முதல் ஓட்டத்தை ஜி.பி.எஸ். கருவியில் பார்த்துக்கொண்டு அடுத்த ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

எங்கே எடுபடும்?

எல்லாக் கடலுக்கும் இது பொருந்தாது. பாக் நீரிணைப் பகுதி பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம்தான். அங்கே கனமான ஜிக்குக்கு வேலை இல்லை. மன்னார் வளைகுடாவில் ஆழம் உண்டு. ஆனால் அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள பகுதியும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் உயிரின தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் மீன் பிடிக்கக் கூடாது. வெளியே போய்த்தான் தூண்டில் போட வேண்டும்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள 'வெட்ஜ் பேங்க்' மேடு பாறையும் மீனும் நிறைந்த இடம். 1976-ல் இலங்கையுடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி அதில் உரிமை இந்தியாவுக்கு. குமரி மாவட்ட மீனவர்கள் தூண்டில் தொழிலில் பெயர் எடுத்தவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். சென்னைப் பக்கம் கரையை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கும் பார்களும், கடலடியில் கிடக்கும் பழைய கப்பல்களும்தான் இந்த வித்தைக்கு இடம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாரம்பரிய நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. மார்க்கெட்டில் வரத்து குறைந்து விலை ஏறும் அந்த நாட்களில், தூண்டிலில் வரும் ஒவ்வொரு வஞ்சிரமும் வீட்டுக்கு அரிசி, பருப்பு என்பது குறிப்பிடத்தக்கது.

கை பத்திரம்!

பின்னல் நூல் கத்தி மாதிரி. வெறுங்கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது. இருபது கிலோ பாறை ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் விரல் சதையோடு போய்விடும். கல்லில் மாட்டிய நூலை அறுக்கவும் கையில் சுற்றாதீர்கள். ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, கட்டையைப் பிடித்து இழுங்கள்.

ரீல் இல்லாமல் கையாலேயே ஆட்டுபவர்கள் பின்னல் நூலைத் தொடாமல் தடித்த தங்கூஸையே பயன்படுத்தலாம். அதற்கும் விரலுக்கு ரப்பர் உறை வேண்டும்.

மீன் படகுக்குள் வந்து துள்ளும்போதுதான் இன்னொரு ஆபத்து. ஜிக்கில் இன்னொரு முள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மீன் ஒரு உதறு உதறினால் அது உங்கள் உள்ளங்கையில். மீனைக் கொக்கியால் தூக்கி, தலையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கிவிட்டு, இடுக்கியால் முள்ளை எடுங்கள். முள்ளின் எதிர்க் கொக்கியை முன்கூட்டியே நசுக்கி வைத்திருந்தால் கையில் ஏறினாலும் எடுப்பது சுலபம். ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுப்பதுதான் நல்லது. டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஈயம் உருக்காதீங்க

காசு மிச்சம் பிடிக்க வீட்டிலேயே ஜிக் வார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அடுப்பே போதும். அதுதான் ஆபத்து.

ஈயம் விஷம். அதன் புகையும் தூசியும் சுவர், தரை, துணி எல்லாவற்றிலும் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து வாயில் வைக்கும். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். சேர்ந்த பிறகு பாதிப்பைத் திரும்ப சரிசெய்வது கஷ்டம். கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது.

சமையல் பாத்திரத்தில் ஈயம் உருக்கக் கூடாது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே கூடாது, உள்ளே அமிலம் இருக்கிறது. ஈர அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி வெடித்து முகத்தில் அடிக்கும். கட்டாயம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி, கையுறை, முகக் கவசத்தோடு, குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்ய வேண்டும். முடிந்ததும் அந்தத் துணியைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பெயின்ட் உரிந்த ஈய ஜிக்கைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஜிக்கைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு சாப்பிடுங்கள்.

பிடித்தால் போதாது, ஐஸ் வேணும்

சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை வெயிலில் போட்டு வைத்தால் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் உருவாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தி வரும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் அது போகாது. அதனால் பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடிய விட்டு, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டுவிட வேண்டும். ரத்தம் வடிந்த சூரையின் சதை நிறம் கெடாமல் நிற்கும். அப்படி வந்த மீனை வியாபாரி பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பெரிய களவாவைப் பார்த்து...

களவா மீன் மெதுவாக வளரும் இனம். பல களவா இனங்கள் பிறக்கும்போது பெண், வளர்ந்து பெரிசான பிறகுதான் ஆணாக மாறும். ஒரு பாரில் பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்துத் தூக்கிவிட்டால் அங்கே ஆண் மீனே இல்லாமல் போகும். குஞ்சும் இருக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் மீனின் காற்றுப்பை ஊதிவிடும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியே வெளியே வரும். 'சின்ன மீன்தானே, திரும்ப விட்டுடலாம்' என்று விட்டால் அது இறங்க முடியாமல் மேலேயே மிதந்து செத்துப்போகும். அதனால் ஒரே இடத்தில் குஞ்சு மீனாகவே ஏறினால், இடத்தை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

இதற்கு ஒரு பாடம் நியூஃபவுண்ட்லாந்திலேயே இருக்கிறது. சின்னப் படகுகளில் தூண்டில், ஜிக்கர் என்று பிடித்தவரை அங்கே சுமார் 500 ஆண்டுகள் காட் மீன் ஊரைக் காப்பாற்றியது. பிறகு ராட்சத இழுவைக் கப்பல்கள் வந்து ஒட்ட அள்ளின. 1992-ல் மீன் அடியோடு தீர்ந்துபோய், கனடா அரசு காட் பிடிக்கவே தடை போட்டது. ஒரே உத்தரவில் சுமார் 30 ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை முழுசாக விலகியது 32 ஆண்டு கழித்து, 2024-ல்தான்! ஊரை விட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனைத்தான் எடுக்கும். கடலுக்குப் பெரிய பாதகம் இல்லாத தொழில் அது. ஆனாலும் மீன் முட்டையிடும் பாரைத் தேடிப் போய்த் தினமும் காலி செய்தால் தூண்டிலும் பொல்லாததுதான்.

புள்ளி போட்ட அம்மணி உளுவை எனும் திமிங்கலச் சுறா 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மீன். கடல் ஆமை, கடல் பசுவுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. தப்பித் தவறி ஆமை மாட்டினால் முடிந்தவரை முள்ளை எடுத்தோ, நூலை முள்ளுக்குப் பக்கத்தில் அறுத்தோ விட்டுவிட வேண்டும்.

கிளம்பும் முன்...

* வானிலை மையமும் மீன்வளத்துறையும் சொல்லும் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் எத்தனை வீட்டைக் காலி செய்தது என்பதை மறக்க முடியாது.
* ஐதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு நிறுவனம், மீன் கூடும் இடங்களையும் அலை உயரத்தையும் தமிழிலும் அறிவிக்கிறது. டீசல் மிச்சமாகும்.
* லைஃப் ஜாக்கெட், குடிநீர், டார்ச், முதலுதவிப் பெட்டி, நூல் அறுக்க ஒரு கத்தி கட்டாயம்.
* கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. இரண்டும் கட்டணம் இல்லாத எண்கள்.
* வீட்டுக்கு வந்ததும் ஜிக், முள், வளையம், ரீல் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்கவும். உப்பு ஒரே வாரத்தில் முள்ளைத் தின்றுவிடும். மழுங்கிய முள்ளை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் அரத்தில் தீட்ட வேண்டும், குத்தி நின்றால் சரி.

புதிதாகத் தொடங்குபவர்கள் பத்து ஜிக் வாங்கிக் குவிக்க வேண்டாம். 100 கிராமில் ஒன்று, 150 கிராமில் ஒன்று, நீளம் ஒன்று, அகலம் ஒன்று என்று நாலு இருந்தால் முதல் சீசனுக்குப் போதும். மிச்சக் காசை நல்ல வளையத்துக்கும் நல்ல முள்ளுக்கும், ஒரு ஜோடி கையுறைக்கும் போடுங்கள்.